கிளிப்பைத் தொடும் முன் ஒரு படம்

முன்பக்கம் ஊருக்கே தெரியும். பின்பக்கம் என் இலாகா.

பத்திரிகையிலும் விளம்பரப் பலகையிலும் உடம்போடு ஒட்டித் தைத்தது போன்ற உடுப்பில் நிற்கும் பெண்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. அது தைத்ததல்ல, கவ்வியது. கடையிலிருந்து வரும் மாதிரி உடுப்பு ஒரே அளவில்தான் வரும். போடுகிறவள் எந்த அளவில் இருந்தாலும் அவளை அதற்குள் இறக்கி, மிச்சத் துணியை முதுகுப்பக்கம் மடித்து, தச்சர்கள் பலகையைப் பிடிக்க வைத்திருக்கும் இரும்புக் கிளிப்புகளால் கவ்விப்பிடிக்க வைப்பேன். சிலருக்கு நாலு போதும், சிலருக்குப் பதினொன்று. முன்னால் பார்த்தால் மகாராணி, பின்னால் பார்த்தால் துணி காயும் கொடி. ஷூ பெரிதாக இருந்தால் நுனியில் பஞ்சு அடைப்பேன். கடைக்குத் திரும்பப் போக வேண்டிய ஷூ என்றால் அடியில் டேப் ஒட்டுவேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. ஸ்டுடியோவில் என் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. சின்னவர்களுக்குக் கிளிப்பக்கா, மற்றவர்களுக்கு வெறும் கிளிப்பு.

ஸ்டுடியோ சாருடையது. படம் எடுப்பவரும் அவர்தான். அவரைக் கெட்ட மனிதர் என்று இப்போதே முத்திரை குத்திவிட்டால் எனக்கு வேலை சுலபம், ஆனால் அது முழு உண்மை இல்லை. மூட்டுவலி வந்து நான் தரையில் குந்த முடியாமல் திணறியபோது, முழங்காலுக்கு அடியில் போட்டுக்கொள்ள ஒரு மெத்தைத் துண்டு தைத்து வாங்கி வந்தவர் அவர்தான். யார் வந்தாலும் "இவ இல்லன்னா என் படத்துல எல்லாரும் கோணிக்குள்ள நிக்கிற மாதிரிதான் நிப்பாங்க" என்று என்னை முன்னால் தள்ளி விடுவார். எனக்கும் உச்சி குளிர்ந்துபோகும்.

அவர் எனக்குப் போட்ட விதி ஒன்று உண்டு. கிளிப்பைத் தொடும் முன் ஒரு படம். ஒருமுறை சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு கிளிப்புகளை இடம் மாற்றி மாட்டிவிட்டேன். காலையில் எடுத்த படங்களில் இடுப்பு ஓரிடத்தில், மதியம் எடுத்தவற்றில் வேறிடத்தில். ஒரு நாள் வேலை பாழ். அன்று வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, வலது கை கிளிப்புக்குப் போனால் இடது கையில் போன், அந்தக் காலத்தில் சின்னக் கேமரா, தானாக எழுந்துவிடும். முதலில் முதுகை ஒரு படம், பிறகுதான் கிளிப். யோசித்துச் செய்வதில்லை. வீட்டில் கொடியிலிருந்து துணி எடுக்கும்போதுகூட உன் இடது கை தூக்கிக்கொள்கிறது என்று என் நாத்தனார் கேலி செய்வாள்.

இன்னொரு விதி விரல். கேமரா ஓடும்போது பேசினால் பெண்ணின் முகம் கலையும் என்று சார் விரலால்தான் பேசுவார். நான் அவள் பின்னால் துணி மறைவில் இருந்து, இடுப்போரமாக ஒரு கண்ணை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு விரல் என்றால் இறுக்கு. இரண்டு விரல் என்றால் விடு. மூடிய கை என்றால் வெளியே போ.

இந்த வருடம் சார் புத்தகம் போடக் கிளம்பினார். முப்பது வருடப் படங்களில் பொறுக்கி எடுத்தவை. தலைப்பு 'அவள் என்னும் மர்மம்'. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. மர்மம் முழுவதையும் பின்னால் கிளிப் போட்டுப் பிடித்து வைத்திருப்பவள் நான் அல்லவா? அடக்கிக்கொண்டேன். சும்மா படம் அடுக்கின புத்தகம் இல்லை, கதை சொல்லும் புத்தகம் என்று மாதிரிப் பிரதியை மேஜையில் விரித்து எங்களுக்கெல்லாம் காட்டினார். ஒரு பெண் கதவைத் திறக்கிறாள், படி ஏறுகிறாள், கண்ணாடி முன் நிற்கிறாள். ஆட்கள் வேறு வேறு, ஆனால் புரட்டப் புரட்ட ஒரே பெண் மாதிரி தெரியும்.

"பாக்கறவன் நெஞ்சுல ஒரு குத்து விழணும். சும்மா அழகா இருந்தா அது காலண்டர்" என்றார்.

அந்தக் குத்து நடுப்பக்கத்தில் இருந்தது. இரண்டு பக்கத்தையும் நிறைத்த ஒரே படம். கீழே 'சரணாகதி' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் நான் இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டது என்று சொல்லி அங்கிருந்து நழுவினேன்.

இரண்டு நாள் கழித்து நெட்டை வந்தாள். அவளும் பெயரைத் தொலைத்தவள்தான். எங்கள் இஸ்திரி அறைக் கதவில் குனியாமல் நுழைந்து இரண்டு முறை நெற்றியைப் புடைத்துக்கொண்ட பிறகு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மூன்று வருடம் முன்பு இந்த மாடல் தொழிலை விட்டுவிட்டு, டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். சார் அந்த நடுப்பக்கத்தைப் படம் பிடித்து, வாழ்த்துகளோடு அவள் போனுக்கு அனுப்பி வைத்திருந்தார். அதை என் முன் நீட்டினாள்.

"அக்கா, இதுல நான் நடிக்கலக்கா."

சாம்பல் நிற நீள உடுப்பு. தோளில் பட்டி கிடையாது. அது மார்பில் நிற்பதே முதுகில் இருக்கும் மேல் கிளிப்பின் தயவில்தான். படத்தில் உடுப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு கையையும் குறுக்கே போட்டு அள்ளிப் பிடிக்கிறாள். வாய் பாதி திறந்திருக்கிறது. கண் பக்கவாட்டில் யாரையோ தேடுகிறது.

"வாயைப் பாருங்க. 'அக்கா'ன்னு உங்களைக் கூப்பிடறேன். கண்ணும் உங்களைத்தான் தேடுது. அதைப் போய் சரணாகதின்னு போட்டிருக்காரு. என் கிட்ட கார் ஓட்டக் கத்துக்கற பொண்ணுங்க நாளைக்கு இதைப் பாப்பாங்க. எங்க அப்பா பாப்பாரு. அதுகூடப் போகட்டும், நான் பாக்கணுமே. நீங்க சொன்னா சார் கேப்பாரு. எடுக்கச் சொல்லுங்கக்கா."

இஸ்திரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

இருவரும் போனோம். சார் உட்கார வைத்துத் தேநீர் சொன்னார். நெட்டை சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"அதுதாம்மா புத்தகத்தோட உயிர். அதை எடுத்துட்டா மிச்சம் வெறும் துணிக்கடை. நீ பயந்துட்டேன்னு நீ நெனக்கற. நான் பாக்கறது பெண்மை. அது நடிச்சா வராது. அன்னிக்குக் கிளிப் நழுவுச்சு, எனக்கு அந்த நொடி கெடச்சுது. அவ்வளவுதான்."

"எனக்கு வேணாம் சார்."

சார் எழுந்தார். அவள் தோளைத் தொடாமல் கையை மட்டும் நீட்டி அழைத்துப் போய், ஸ்டுடியோ கதவில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார். குழந்தைக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பது போல ஒவ்வொரு சொல்லாக விரலை ஓட்டிப் படித்தார். 'இந்த அறைக்குள் நுழையும் எவரும் தம்மைப் படம் எடுக்கவும் அந்தப் படத்தை வெளியிடவும் சம்மதிக்கிறார்.'

"எட்டு வருஷம் இந்தக் கதவு வழியாத்தானே வந்தே?" என்று சிரித்தார். நெட்டை தேநீரைத் தொடாமல் போய்விட்டாள். போகும்போது என் கையைப் பிடித்து, "பரவால்லக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள்.

இதே வார்த்தைகளைத்தான் நாலு வருடம் முன்பும் சொன்னாள்.

நெட்டை வந்து போன அன்று சாயங்காலம் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. என் கணவர் வெளியூர் வேலையில் இருப்பதால் வீட்டில் நானும் நாத்தனாரும்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அவள். எதிரே உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே கேட்டாள்.

"என்ன அண்ணி, மூஞ்சி கிழிஞ்ச உறை மாதிரி இருக்கு?"

"ஒரு தப்பு பண்ணிருக்கேன்."

"இன்னிக்கா?"

"நாலு வருஷம் முன்னாடி."

சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். நான் அவளிடம்தான் முதல்முறையாகச் சொன்னேன். அன்று படம் எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு சார் இஸ்திரி மேஜை அருகே வந்து, "கடைசில அவளைக் கண்ண மூடச் சொல்வேன். ரெண்டு விரல் காட்டினதும் மேல் கிளிப்பை எடுத்துடு. அவகிட்ட சொல்லாதே. சொன்னா நடிப்பு வந்துடும்" என்றார். எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். நன்றாகப் புரிந்தது. ஒரு நொடி சங்கடம், நல்ல படம் கிடைக்கும், சார் மகிழ்வார், சாயங்காலம் எல்லார் முன்னாலும் என்னை மெச்சுவார். அந்த மெச்சலுக்காகத்தான் எடுத்தேன். அவள் 'அக்கா' என்று கத்தினாள். சார் மளமளவென்று எடுத்துத் தள்ளினார். பிறகு "ஐயோ, கிளிப் நழுவிடுச்சு" என்றார். "மன்னிச்சுக்கோ கண்ணு, நழுவிடுச்சு" என்று நானும் பின்பாட்டுப் பாடினேன். அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

நாத்தனார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"தொடறதுக்கு முன்னாடி ஒரு படம் எடுப்பியே. அன்னிக்கும் எடுத்தியா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய முதுகுப் படங்கள் எல்லாம் ஒரு டிஸ்க்கில், அலமாரியில், தேதிவாரியாக இருக்கின்றன. யாரும் கேட்டதில்லை, நானும் தூக்கிப் போட்டதில்லை. நாத்தனாரின் கணினியில் போட்டுத் தேடினோம். கால் மணி நேரத்தில் அகப்பட்டது.

நெட்டையின் முதுகு, சாம்பல் துணி, ஒன்பது கிளிப். மேல் கிளிப்பைத் தொடப்போகும் ஒரு கை. விரலில் என் நெளிந்த மோதிரம். அவள் இடுப்பைத் தாண்டித் தூரத்தில், விளக்குகளுக்கு நடுவே, கொஞ்சம் மங்கலாகச் சார் நிற்கிறார். ஒரு கையில் கேமரா. மறு கையில் இரண்டு விரல்.

இருபத்திரண்டு வருடம் பின்பக்கத்தைப் படம் எடுத்தவளுக்கு, அதில் எதிரே நிற்பவர் விழுகிறார் என்பது அதுவரை கண்ணில் படவே இல்லை. நான் பார்த்ததெல்லாம் கிளிப்தான்.

"இதைச் சார்கிட்ட காட்டினா எடுத்துடுவாரு" என்றேன்.

"காட்டு. ஆனா முதல்ல அவகிட்ட காட்டு. அது அவ முதுகு" என்றாள் நாத்தனார். மறுபடி பேனாவைத் திறந்தாள்.

டிரைவிங் ஸ்கூல் பழகும் மைதானத்தில் சிவப்புக் கூம்புகளை வரிசையாக வைத்திருந்தார்கள். நெட்டை கடைசி மாணவியை அனுப்பிவிட்டு என்னைக் காரில் ஏற்றிக்கொண்டாள். இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளியும் அவள் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. கார் நகர்ந்ததும் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. நழுவவில்லை, கிளிப்பை நான்தான் எடுத்தேன், தெரிந்தே எடுத்தேன், ஒரு பாராட்டுக்காக எடுத்தேன். எடுக்கும் முன் பிடித்த முதுகுப் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது.

பிரேக் போட்ட வேகத்தில் என் தலை முன்னால் போய் வந்தது.

"இறங்குங்க."

இறங்கினேன். அவள் கதவை அறைந்து சாத்திக்கொண்டு மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். நான் உச்சி வெயிலில் கூம்போடு கூம்பாக நின்றேன். மூன்று சுற்று. மூன்றாவது சுற்றில் ஒரு கூம்பை இடித்துத் தள்ளினாள். இது அவள் வழக்கமில்லை. பிறகு என் அருகே வந்து நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். அழுதிருந்தாள். அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"நாலு வருஷமா என் உடம்பு மேல எனக்கே சந்தேகம் தெரியுமா? சரியா நிக்கத் தெரியல, அதான் நழுவுச்சுன்னு. அதனாலதான் இந்த வேலையே வேணாம்னு வந்தேன். அது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. அவளுக்கு அலுத்துப்போய் விட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

"மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க."

"நெனக்கல."

"படத்தைக் காட்டுங்க."

கணினியிலிருந்து படத்தை ஏற்றி வந்திருந்த என் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். இரண்டு விரலால் பெரிதாக்கிச் சாரின் முகத்தைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். கடைசியில் தன் முதுகைப் பார்த்தாள்.

"நேராத்தான் நின்னிருக்கேன்" என்றாள். பிறகு, "என்னமா நின்னிருக்கேன் பாருங்க" என்று மூக்கை உறிஞ்சினாள்.

"இதைக் காட்டினா அவரு அந்தப் படத்தை எடுத்துருவாரு" என்றேன்.

"எடுக்க வேணாம்."

எனக்கு விளங்கவில்லை.

"அவரு படம் அப்படியே இருக்கட்டும். அதுக்கு எதிர்ப் பக்கத்துல இது இருக்கணும். கதை சொல்றேன், கதை சொல்றேன்னு குதிச்சாரே. முழுக் கதையையும் சொல்லட்டும். நான் எதுக்கு ஒளியணும்? ஒளிய வேண்டியது நானா?"

வெள்ளிக்கிழமை காலை பதிப்பகத்துக்கு நான் போயாக வேண்டியிருந்தது. எந்த உடுப்பு எந்தக் கடையுடையது என்ற பட்டியல் என்னிடம்தான் உண்டு. புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கு அது தேவை. பதிப்பாளர் என் வயதுப் பெண்மணி. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜையெல்லாம் அதைத் தேடுகிறவர். அச்சடித்த தாள்கள் சுவரோரம் இடுப்புயரம் அடுக்கியிருந்தன. சார் ஏற்கெனவே வந்து, மாதிரிப் பிரதியின் நடுப்பக்கத்தைத் திறந்து வைத்து, தாளின் தடிமனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் பின்னால் நெட்டை குனிந்து நுழைவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"அட, வா வா" என்றார். "சமாதானம் ஆயாச்சா?"

நாங்கள் முன்தினம் அச்சுக் கடையில் கொடுத்து, புத்தகத்தின் அளவுக்கே எடுத்து வந்த படத்தைச் 'சரணாகதி'க்குப் பக்கத்தில் நெட்டை வைத்தாள்.

"என்னம்மா இது, கிளிப்போட ஆல்பமா?" என்று சிரித்தபடி குனிந்தவர், பாதியில் நிமிர்ந்தார்.

பதிப்பாளர் கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கினார். இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த ரெண்டு விரல் என்னது?"

"விடுன்னு அர்த்தம் மேடம்" என்றேன். "கிளிப்பை எடுன்னு. இந்தக் கை என்னோடது. நான் எடுத்தேன். அவளுக்குத் தெரியாது. சார் அவகிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாரு, நானும் சொல்லல."

"கொஞ்சம் தளர்த்தச் சொன்னேன்" என்றார் சார். "இவ மொத்தமா கழட்டிட்டா. இவ தப்பை என் தலைல கட்டறா."

"இஸ்திரி மேஜைகிட்ட நின்னு சொன்னீங்க சார். மேல் கிளிப்பை எடுன்னு சொன்னீங்க, எடுத்தேன். என் தப்பு என் கைல இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. உங்களோடது உங்க விரல்ல இருக்கு."

கொண்டு வந்திருந்த கடைப் பட்டியலை மேஜையில் வைத்தேன்.

"இருபத்திரண்டு வருஷம் என் சோத்தைத் தின்னுட்டு..."

"வேலை செஞ்சேன் சார். சோறு அதுக்கு."

பதிப்பாளர் மாதிரிப் பிரதியின் முன்பக்கத்துக்குப் போனார். முன்னுரையைத் தேடி எடுத்து, எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். "'உடை தானாக நழுவியது. நான் எதுவும் செய்யவில்லை. பெண்மை என்னை நம்பித் தன்னைத் திறந்து காட்டிய நொடி அது.'" விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, "இது என் பதிப்பகத்தோட பேர்ல வர்ற புத்தகம் சார்" என்றார்.

"மேடம், கலைல சில சமயம்..."

"கலையை அப்புறம் பேசலாம். தானாவா நழுவுச்சு?"

நெட்டை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மேடம், அந்தப் படத்தை எடுக்கச் சொல்லி நான் வரல. அது இருக்கட்டும். இதுவும் பக்கத்துல இருக்கணும். பாக்கறவங்க நெஞ்சுல குத்து விழணும்னு சார் ஆசைப்பட்டாரு. நல்லா விழும்."

"என் மூஞ்சியைப் போட நான் சம்மதிக்கல" என்றார் சார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

நெட்டை அவரைப் போலவே விரலை நீட்டினாள். காற்றில் ஒவ்வொரு சொல்லாக ஓட்டினாள். "'இந்த அறைக்குள் நுழையும் எவரும் தம்மைப் படம் எடுக்கவும், அந்தப் படத்தை வெளியிடவும் சம்மதிக்கிறார்.' முப்பது வருஷமா அந்தக் கதவு வழியாத்தானே சார் வந்தீங்க?"

"அது மத்தவங்களுக்குப் போட்டது!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது போலிருந்தது. பக்கத்து அறையில் அச்சு இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பதிப்பாளர்தான் முடித்து வைத்தார். "ரெண்டும் வரும். இல்லன்னா ரெண்டும் வராது. ஒண்ணு மட்டும்னு என் கிட்ட கிடையாது. நீங்களே சொல்லுங்க."

சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எடுத்துடுங்க."

"எதை சார்?" என்றாள் நெட்டை.

"ரெண்டையும்."

"அதுதான் புத்தகத்தோட உயிர்னு சொன்னீங்களே."

அவர் எழுந்து போய்விட்டார். மாதிரிப் பிரதியை எடுத்துக்கொள்ளக்கூட மறந்துவிட்டார்.

மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போய் என் கிளிப்புகளை எண்ணி எடுத்துக்கொண்டேன். அவை நான் வாங்கியவை. முழங்கால் மெத்தைத் துண்டை மட்டும் இஸ்திரி மேஜை மேலேயே விட்டு வந்தேன். வருத்தமாக இருந்தது, இல்லை என்று ஏன் சொல்ல வேண்டும்? வருத்தத்தோடுதான் கதவைச் சாத்தினேன். சாத்துவதற்கு முன் நெட்டை சொல்லியிருந்தபடி அந்த அறிவிப்பை ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

அவருடைய புத்தகம் நடுப்பக்கம் இல்லாமல் வந்தது. துணிக்கடை என்று நான் சொல்லமாட்டேன். விளக்கு வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை, அது உண்மை.

இரண்டு மாதம் கழித்துப் பதிப்பாளர் கூப்பிட்டார். அந்த ஒரு முதுகு மட்டும்தானா, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். டிஸ்க்கைக் கொண்டுபோய்ப் போட்டேன். இருபத்திரண்டு வருடம் திரையில் ஓடியது. மகாராணிகளின் பின்பக்கம். கவ்விய துணி, முதுகில் அம்மை வடு, வியர்வைக் கோடு, கழுத்தில் ஒட்டிய விலைச்சீட்டு, பஞ்சு வைத்த ஷூவுக்குள் நொண்டும் கால். ஒருத்தி சிரித்துக்கொண்டே பின்னால் கையை நீட்டி என் தலையில் குட்டுகிறாள். ஒருத்தி முன்பக்கம் தேவதை மாதிரி நிற்கும்போதே பின்பக்கம் இடுப்பைச் சொறிந்துகொள்கிறாள். தூரத்தில் எப்போதும் ஒருவர் கேமராவோடு நிற்கிறார். சில நேரம் சார், சில நேரம் வேறு யாராவது.

"இதுதான்யா புத்தகம்" என்று பதிப்பாளர் மேஜையில் தட்டினார்.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். ஒவ்வொருத்தியிடமும் நானே நேரில் போய்க் கேட்பேன். முப்பத்தொரு பேரைக் கண்டுபிடித்தேன். படத்தைக் காட்டி, இதை வெளியிடலாமா என்று கேட்டேன். ஒன்பது பேர் வேண்டாம் என்றார்கள், அந்த ஒன்பது பேரும் புத்தகத்தில் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கதவு அறிவிப்பைக் காட்டவும் இல்லை. தன் முகம் வரக் கூடாது என்று சார் ஒரு வக்கீலை வைத்து எழுதினார். நெட்டை அறிவிப்பின் படத்தை அனுப்பி வைத்தாள். அதன்பிறகு கடிதம் வரவில்லை.

முதல் பக்கத்தில் எந்தப் படம் என்று முடிவு செய்ய உட்கார்ந்தோம். நெட்டை தன் முதுகை எடுத்து மேலே வைத்தாள். பதிப்பாளர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, என் முகத்தையும் ஒரு தரம் பார்த்தார்.

"மேல ஒரு அங்குலம் வெட்டிட்டா அந்தக் கை தெரியாது. முதுகும் அந்த மனுஷனும் போதும். உங்களுக்கும் சங்கடம் இல்ல. என்ன சொல்றீங்க?"

நல்ல மனசோடுதான் கேட்டார். என் புத்தகம். என் வாழ்க்கையில் முதல் புத்தகம், அநேகமாகக் கடைசியும். ஒரு அங்குலத்தில் நான் நல்லவளாகிவிடலாம். வேண்டாம் என்று சட்டென்று சொல்ல வந்ததாக எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் ஆசையாகத்தான் இருந்தது. நெட்டை தலையைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் மூடியே இருந்தது. என்னை அக்கா என்று கூப்பிட்டு நாலு மாதம் ஆகியிருந்தது.

"வெட்ட வேணாம் மேடம்" என்றேன். "கை இருக்கட்டும். கீழ என்ன போடணும்னு நான் எழுதித் தரேன்."

தாளும் பேனாவும் கொடுத்தார். எழுதினேன். 'கிளிப்பை எடுக்கும் கை என்னுடையது. அவளிடம் சொல்லாமல் எடுத்தேன்.' நெட்டை திரும்பி, என் தோளுக்கு மேலாக அதைப் படித்தாள். இரண்டு முறை படித்திருப்பாள்.

"கீழ பேரைப் போடுங்கக்கா" என்றாள்.

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் கேட்காத என் முழுப் பெயரை அதற்குக் கீழே எழுதினேன்.